ஆன்ஃபீல்டுக்கு முதல் பயணம்: ஆட்ட டிக்கெட் முதலில், விமான டிக்கெட் கடைசியில்

கேள்வி: எனக்கு 31 வயது. கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். 2005இல் பள்ளியில் படிக்கும்போது, அண்ணனோடு நடுராத்திரி விழித்திருந்து இஸ்தான்புல்லில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்து அணிதான் எங்களுக்கு எல்லாம். அவர்களின் சொந்த மைதானமான ஆன்ஃபீல்டில் ஒரு ஆட்டமாவது பார்த்துவிட வேண்டும் என்று இருவரும் ஆறு வருடமாகப் பணம் சேர்த்து வந்தோம். அண்ணன் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவர் ஒருமுறை மலேசியா போயிருக்கிறார், எனக்கு வெளிநாடு இதுதான் முதல்முறை. மார்ச் கணக்கு முடிந்ததும் ஏப்ரலில் எனக்கு 10 நாள் விடுப்பு கிடைக்கும். அட்டவணையில் ஏப்ரல் மாதச் சனிக்கிழமை ஒன்றில் ஆன்ஃபீல்டில் ஆட்டம் இருக்கிறது. அந்தத் தேதிக்கு விமான டிக்கெட் இப்போது மலிவாகக் கிடைக்கிறது, ஆனால் ரத்து செய்தால் பணம் திரும்ப வராது. ஒரு இணையதளத்தில் ஆட்ட டிக்கெட் ஒருவருக்கு 52,000 ரூபாய், '100 சதவீத உத்தரவாதம்' என்று போட்டிருக்கிறார்கள். முன்பணம் கட்டிவிடலாமா? விசாவுக்கு வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்? வழிகாட்டுங்கள்.
— கோவை வாசகி

பதில்:

'முன்பணம் கட்டிவிடலாமா' என்ற வரியைப் படித்ததும் கையிலிருந்த வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். கட்டாதீர்கள். அந்த இணையதளத்துக்கும் கட்டாதீர்கள், விமானத்துக்கும் இப்போதைக்குக் கட்டாதீர்கள். ஆறு வருடச் சேமிப்பு இது. இரண்டு நாள் அவசரத்தில் அது கையை விட்டுப் போகக் கூடாது.

22 வருடமாக வெளிநாட்டுப் பயணங்களை ஏற்பாடு செய்து கொடுத்து வருகிறேன். கோயில், கல்யாணம், பட்டமளிப்பு விழா என்று எதைச் சுற்றிப் பயணம் போட்டாலும் அந்த நிகழ்ச்சியின் தேதி அசையாது. விமானம், ஓட்டல், விசா எல்லாவற்றையும் அந்த ஆணியில் மாட்டிவிடலாம். இங்கிலாந்துக் கால்பந்தில் அப்படி முடியாது. உங்கள் பயணத்திலேயே மிகவும் அசையக்கூடிய விஷயம் அந்த ஆட்டத்தின் தேதிதான். இதை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

லிவர்பூல் ஆடும் பிரீமியர் லீக்கின் அட்டவணை ஜூன் மாதம் வெளியாகும்போது வார இறுதி ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை மாலை 3 மணி என்றுதான் இருக்கும். அது தற்காலிகத் தேதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அப்புறம் தொலைக்காட்சிகள் தங்களுக்கு வேண்டிய ஆட்டங்களை எடுத்து வெள்ளி இரவு, சனி மதியம் 12:30, சனி மாலை 5:30, ஞாயிறு 2 மணி, 4:30, திங்கள் இரவு 8 மணி என்று நகர்த்தும். இங்கிலாந்தில் சனிக்கிழமை 2:45 முதல் 5:15 வரை எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் நேரடியாக ஒளிபரப்பக் கூடாது. மக்கள் வீட்டில் உட்கார்ந்துவிட்டால் சின்னக் கிளப்புகளின் மைதானம் காலியாகிவிடும் என்று 1960களில் தொடங்கிய ஏற்பாடு இது. நீங்கள் கோவையில் உட்கார்ந்து பார்க்கும் 3 மணி ஆட்டத்தை லிவர்பூலில் இருப்பவர் தன் வீட்டு டிவியில் பார்க்க முடியாது. ஆகவே டிவிக்கு ஒரு ஆட்டம் வேண்டுமென்றால் அதை 3 மணியிலிருந்து கிளப்பித்தான் ஆக வேண்டும். லிவர்பூல் மாதிரிப் பெரிய அணியின் ஆட்டத்தை விட்டு வைப்பார்களா?

இந்த மாற்றம் சாதாரணமாக ஐந்தாறு வாரத்துக்கு முன்புதான் அறிவிக்கப்படும். ஏப்ரல், மே மாத ஆட்டங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அந்தச் சமயத்தில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதி, அரையிறுதியெல்லாம் வந்துவிடும். செவ்வாய்க்கிழமை ஐரோப்பாவில் ஆடும் அணிக்கு லீக் ஆட்டம் சனிக்கிழமை, வியாழக்கிழமை ஆடும் அணிக்கு ஞாயிறு என்று மாறும். தோற்றால் வெளியேற வேண்டிய எஃப்ஏ கோப்பைப் போட்டியின் அரையிறுதிக்கு லிவர்பூலோ எதிரணியோ போய்விட்டால் அந்த வார லீக் ஆட்டமே தள்ளிப்போய் மே மாதத்தில் ஒரு புதன்கிழமை இரவில் விழலாம். உங்கள் அணி நன்றாக ஆட ஆட உங்கள் தேதி ஆட்டம் காணும்.

சில வருடங்களுக்கு முன் ஈரோட்டிலிருந்து ஒரு தந்தையும் 14 வயது மகனும் இப்படித்தான் தாங்களே எல்லாவற்றையும் போட்டுவிட்டு, சிக்கல் வந்த பிறகு என்னிடம் வந்தார்கள். சனிக்கிழமை ஆட்டம் என்று நம்பி, மான்செஸ்டரிலிருந்து ஞாயிறு மதியம் திரும்பும் விமானம். ஆட்டம் ஞாயிறு 4:30க்கு மாறிவிட்டது. தேதியை மாற்ற விமான நிறுவனம் கேட்ட தொகை, புது டிக்கெட் எடுப்பதற்குச் சமமாக இருந்தது. அவரால் அவ்வளவு புரட்ட முடியவில்லை. சனிக்கிழமை மைதானத்தைச் சுற்றிக் காட்டும் டூருக்கு மட்டும் ஏற்பாடு செய்து கொடுத்தேன். பையன் காலி இருக்கைகளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தான். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அதுதான் நினைவுக்கு வந்தது.

சரி, இப்போது அந்த 52,000 ரூபாய்க்கு வருவோம்.

இங்கிலாந்தில் கால்பந்து டிக்கெட்டை அனுமதியில்லாமல் மறுவிற்பனை செய்வது 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இரு அணி ரசிகர்களும் தனித்தனிப் பகுதியில் உட்கார வேண்டும், யார் எங்கே உட்காருகிறார் என்பது கிளப்புக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். வெளிநாட்டு முகவரியில் இயங்கும் தளங்கள் இதைக் கண்டுகொள்ளாமல் விற்கின்றன. அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் வேறு யாரோ ஒருவரின் உறுப்பினர் கணக்கில் இருக்கும் டிக்கெட். போனில் ஏற்றிக்கொள்ள ஒரு இணைப்பு வரும், அதுவும் ஆட்டத்துக்கு முந்தைய இரவு வரும். கிளப் அந்தக் கணக்கை முடக்கிவிட்டால் மைதான வாசலில் சிவப்பு விளக்குதான் எரியும். 'உத்தரவாதம்' என்று அவர்கள் சொல்வதை முழுதாகப் படியுங்கள். டிக்கெட் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் விமானம், விசா, ஓட்டல், விடுப்பு, அண்ணன் பட்டறையைப் பத்து நாள் மூடிய நட்டம் இதற்கெல்லாம் யார் உத்தரவாதம்?

நேர் வழி இரண்டு உண்டு. முதலாவது, கிளப்பில் உறுப்பினராவது. ஒவ்வொருவருக்கும் தனி உறுப்பினர் எண் வேண்டும். நீங்கள் சேர்ந்துவிட்டு அண்ணனுக்கும் சேர்த்து எடுக்க முடியாது, ஆகவே இருவரும் சேருங்கள். உறுப்பினர்களுக்குக் குலுக்கல் முறையில் டிக்கெட் ஒதுக்குகிறார்கள். அதற்கான பதிவு ஆட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், எனவே கிளப்பின் அதிகாரப்பூர்வ தளத்தில் பதிவுத் தேதிகளை இன்றே பாருங்கள். விழுந்தால் சுமார் 40 பவுண்டிலிருந்து 60 பவுண்டு அளவில் ஆளுக்கொரு இருக்கை. ஆனால் ஆன்ஃபீல்டில் சுமார் 61,000 இருக்கைதான். அதில் கணிசமான பங்கு சீசன் முழுவதற்கும் டிக்கெட் வைத்திருப்பவர்களுடையது. மிச்சத்துக்கு உலகம் முழுவதும் போட்டி. வர முடியாதவர்கள் திருப்பிக் கொடுக்கும் இருக்கைகள் அவ்வப்போது அதே தளத்தில் விற்பனைக்கு வரும். ஊரிலேயே இருப்பவருக்கு அது வசதி. விமானம் ஏறி வரும் உங்களுக்கு அதை நம்பிப் புறப்படச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது, கிளப்பே விற்கும் ஹாஸ்பிடாலிட்டி டிக்கெட். உணவோடு சேர்ந்த இருக்கை, விலை சில நூறு பவுண்டு, எதிரணியைப் பொறுத்து ஏறும். மான்செஸ்டர் யுனைடெட், எவர்டன் மாதிரி ஆட்டமென்றால் நம் கைக்கு எட்டாது. எதிரணி சிறியதாக இருந்தால், அந்தத் தளம் உங்களிடம் கேட்ட அதே 52,000 அளவில் முறையான இருக்கை கிடைக்க வாய்ப்புண்டு. இதைக் கிளப்பின் தளத்திலோ, கிளப் தன் தளத்தில் பெயர் போட்டு அறிவித்திருக்கும் பங்காளி நிறுவனத்திடமோ மட்டும் வாங்குங்கள். வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணம், இருவர், தூரம் இவ்வளவு என்று பார்க்கும்போது உங்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். ஆட்டம் தள்ளிப்போனால் அந்த டிக்கெட் புதிய தேதிக்குச் செல்லுமா, பணம் திரும்புமா என்ற விதியை மட்டும் வாங்குவதற்கு முன் படித்துவிடுங்கள்.

இன்னொரு ஆசையை நீங்களே கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். லிவர்பூல் வேறு ஊரில் ஆடும்போது எதிரணி ரசிகர் பகுதியில் டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே, நடுவில் உட்கார்ந்து பார்த்துவிடலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். வேண்டாம். கோல் விழும்போது உங்கள் அண்ணனால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா? எழுந்து கத்தினால் காவலர்கள் வந்து மரியாதையாக வெளியே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

ஏப்ரல்தான் என்று பிடிவாதமா என்று ஒருமுறை யோசியுங்கள். மனம் திறந்து சொன்னால், அடுத்த சீசனில் அக்டோபர் பின்பாதி அல்லது நவம்பர் என்றால் நான் நிம்மதியாகத் திட்டம் போடுவேன். அப்போது கோப்பை ஆட்டங்களின் நெருக்கடி குறைவு, தேதி நகர்ந்தாலும் அதே வார இறுதிக்குள்தான் பெரும்பாலும் நகரும். நாட்டு அணிகள் ஆடுவதற்காக செப்டம்பர், அக்டோபர், நவம்பர், மார்ச் மாதங்களில் லீக் நிற்கும் வாரங்களை மட்டும் தவிர்க்க வேண்டும். கிறிஸ்துமஸ் விடுமுறையை எடுத்துக்கொண்டு போகலாமா என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். டிசம்பர் 25 அன்று அங்கே ரயிலே ஓடாது, 26 அன்று அநேகமாக ஓடாது.

சீசனின் கடைசி நாள் ஒன்றுதான் அசையாத தேதி. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து ஆட்டமும் ஒரே நேரத்தில் தொடங்கும். ஒரு அணியின் முடிவைப் பார்த்து இன்னொரு அணி ஆடிவிடக் கூடாது என்பதற்காக. தேதி உறுதி, ஆனால் அன்றைக்கு டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு.

ஏப்ரல்தான் முடியும் என்றால் இப்படிச் செய்யுங்கள். ஆட்ட நாளுக்கு முந்தைய புதன் அல்லது வியாழன் போய்ச் சேர்ந்து, அடுத்த செவ்வாய் வரை லிவர்பூலிலேயே தங்குங்கள். வெள்ளி முதல் திங்கள் இரவு வரை எப்போது ஆட்டம் வைத்தாலும் நீங்கள் ஊரில் இருப்பீர்கள். மிச்ச நாள்களை லண்டனுக்கு, அதுவும் கடைசியில் வையுங்கள். ஓட்டலை எப்போதும் இலவசமாக ரத்து செய்யக்கூடிய வகையில் எடுங்கள், விலை பத்துப் பவுண்டு கூடினாலும் பரவாயில்லை. ஏப்ரலில் லிவர்பூலை ஒட்டிய எய்ன்ட்ரியில் கிராண்ட் நேஷனல் குதிரைப் பந்தயம் நடக்கும். அந்த வாரம் அறை வாடகை எகிறிவிடும், தேதி மோதுகிறதா என்று பாருங்கள்.

விமானத்துக்குக் கோவைக்காரர்களுக்குக் கொச்சியின் நெடும்பாசேரி வசதி. அங்கிருந்து துபாய், அபுதாபி, தோஹா வழியாக மான்செஸ்டருக்கு ஒரே டிக்கெட்டில் போகலாம். மான்செஸ்டர் விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது, லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். போவது மான்செஸ்டர், திரும்புவது லண்டன் என்று கேட்டு வாங்குங்கள். அதற்குத் தனியாகப் பெரிய கூடுதல் கட்டணம் இருக்காது, ஒரு நாள் அலைச்சல் மிச்சம். லிவர்பூலிலிருந்து லண்டன் யூஸ்டனுக்கு ரயிலில் இரண்டேகால் மணி நேரம். முன்கூட்டியே எடுத்தால் ரயில் டிக்கெட் மிக மலிவு, ஆனால் அந்தக் குறிப்பிட்ட ரயிலில் மட்டும்தான் செல்லும். ஆகவே டிவி தேதி அறிவித்த பிறகே அதை எடுங்கள்.

விசா பற்றி நீங்கள் கேட்டது ஒரு வரி. ஆனால் நான் இங்கேதான் நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் டிக்கெட் போனால் பணம் போகும், விசா மறுக்கப்பட்டால் அடுத்தடுத்து பல நாடுகளுக்கு விண்ணப்பிக்கும்போது அதை எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் எடுக்க வேண்டியது ஆறு மாதச் சுற்றுலா விசா. 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டாக இருந்தது. ஏப்ரலில் ஏற்றுவது அவர்கள் வழக்கம். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். சென்னையில் கைரேகை கொடுத்த நாளிலிருந்து சாதாரணமாக மூன்று வாரத்தில் முடிவு வரும். இரண்டு மாதத்துக்கு முன் போட்டுவிடுங்கள். விசா ஆறு மாதம் செல்லும் என்பதால் ஆட்டம் இரண்டு நாள் முன்பின் ஆனாலும் விசாவுக்கு ஒன்றும் ஆகாது. விசா கையில் வருவதற்கு முன் விமான டிக்கெட் எடுக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை, எடுக்காமலே விண்ணப்பிக்கலாம். டிவி தேதி, விசா இரண்டும் வந்த பிறகு விமானம். இப்போது தெரியும் மலிவு விலையைவிட அப்போது ஆளுக்குப் பத்தாயிரம், பதினைந்தாயிரம் கூடலாம். அதைக் கொடுங்கள்.

'வங்கியில் எவ்வளவு காட்ட வேண்டும்' என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தனை லட்சம் என்று ஒரு தொகை எந்த விதியிலும் இல்லை. நம் ஊரில் எல்லோரும் செய்யும் ஒரு தவறு உண்டு. மாமாவிடம் மூன்று லட்சம், பெரியப்பாவிடம் இரண்டு லட்சம் வாங்கி விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் கணக்கில் போட்டு நிரப்புவது. விசா அதிகாரி முதலில் பார்ப்பதே அதைத்தான். மாதம் 48,000 சம்பளம் வரும் கணக்கில் திடீரென ஐந்து லட்சம் விழுந்தால், அது உங்கள் பணம் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். உங்களுக்கு அந்தக் கவலையே வேண்டாம், ஆறு வருடமாகச் சேர்த்த பணம் இருக்கிறது. தொடர் வைப்பு, நிரந்தர வைப்பு என்று எதில் இருந்தாலும் அதன் தேதியோடு காட்டுங்கள். அது ஆயிரம் வார்த்தை பேசும். ஆறு மாத வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, இத்தனை நாள் விடுப்பு தந்திருக்கிறோம், இன்ன தேதி வேலைக்குத் திரும்புவார் என்று நிறுவனம் கொடுக்கும் கடிதம், வருமானவரி ரிட்டர்ன் வையுங்கள்.

அண்ணன் விஷயம்தான் கொஞ்சம் கவனம். பட்டறை வருமானம் பாதி ரொக்கமாக வரும், கணக்கில் முன்பின் இருக்கும். ஜிஎஸ்டி பதிவு, மூன்று வருட ரிட்டர்ன், பட்டறை வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துவரி ரசீது, நடப்புக் கணக்கு அறிக்கை எல்லாம் சேர்த்து, ஒரு பக்கத்தில் தெளிவாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். என்ன தொழில், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர் இல்லாத பத்து நாள் யார் பார்த்துக்கொள்வார்கள், ஏன் போகிறோம். கால்பந்து பார்க்கப் போகிறோம் என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். அது முழுக்க நியாயமான காரணம். ஆட்ட டிக்கெட்டின் உறுதிச்சீட்டையும் வையுங்கள். மலேசியா போய்த் திரும்பிய முத்திரை அவருக்குக் கூடுதல் பலம்.

செலவுக்கு ஒரு பவுண்டை 125 ரூபாய் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள், அப்போது கடைசியில் கையைக் கடிக்காது. 2025 கட்டணப்படி பார்த்தாலே இருவருக்கும் விசா மட்டும் சுமார் 32,000. விமானம் ஆளுக்கு எழுபதாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்குள் என்று ஒதுக்குங்கள். இரண்டு படுக்கை உள்ள சாதாரண அறை ஒரு இரவுக்கு 80 முதல் 120 பவுண்டு, ஆட்ட நாளில் இன்னும் கூடும். சாப்பாடு, பேருந்து, ரயிலுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 40 பவுண்டு. நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர், மிச்சத்தை என்னைவிட நன்றாகப் போடுவீர்கள்.

இனி நான் ஆசையாகச் சொல்ல விரும்பும் பகுதி, ஆட்ட நாள்.

டிக்கெட் போனில்தான் வரும். ஓட்டலை விட்டுக் கிளம்பும் முன் அதைப் போனின் வாலட்டில் ஏற்றிவிட்டீர்களா என்று பாருங்கள். மைதானத்தைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் கூடும்போது நெட் இழுத்துக்கொண்டே இருக்கும். பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். பை ஏ4 தாளைவிடப் பெரிதாக இருந்தால் பெரும்பாலான மைதானங்களில் உள்ளே விடமாட்டார்கள். அந்த ஊரில் ஏப்ரல் காற்று, மெர்சி ஆற்றிலிருந்து வருவது, நம் ஊட்டிக் குளிர் மாதிரி எலும்பில் இறங்கும். ஸ்வெட்டர் மேல் ஒரு காற்றுத் தடுக்கும் ஜாக்கெட் கட்டாயம்.

நகர மையத்திலிருந்து 917ஆம் எண் பேருந்து ஆட்ட நாள்களில் மைதானத்துக்கு ஓடும். முக்கால் மணி நேரம் நடந்தும் போகலாம். ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்விடுங்கள். முதலில் ஹில்ஸ்பரோ நினைவிடம். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டில் நடந்த எஃப்ஏ கோப்பை அரையிறுதியில் கூட்ட நெரிசலில் சிக்கி உயிரிழந்த 97 பேரின் பெயர்களும் அங்கே இருக்கின்றன. வயதையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள், பலர் உங்களைவிடச் சிறியவர்கள். அந்த விபத்துக்கு ரசிகர்கள்மேலேயே பழிபோட்டு எழுதிய 'தி சன்' நாளிதழை அந்த ஊரில் பலர் இன்றுவரை வாங்குவதில்லை. விமான நிலையத்தில் கிடைக்கிறதே என்று கையில் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். இரண்டு அணி நிறமும் பாதிப் பாதி உள்ள துண்டைத் தெருவில் விற்பார்கள். ஞாபகத்துக்கு வாங்கினாலும் கழுத்தில் போட வேண்டாம், ஊர்க்காரர்களுக்கு அது பிடிக்காது. சிவப்புத் துண்டு போதும்.

உள்ளே நுழையும் வாசல் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகும் அளவுக்கு ஒடுக்கமாக இருக்கும். போனைக் கருவியில் காட்டினால் விளக்கு பச்சையாகும், இரும்புக் கதவு ஒரு தள்ளலுக்கு மட்டும் வழிவிடும். அப்புறம் சிமெண்டுப் பாதை, வறுத்த உருளைக்கிழங்கு வாசம், தாழ்ந்த கூரை. படியேறி மேலே வந்ததும் சட்டென்று அந்தப் பச்சை. டிவியில் பார்த்த பச்சை இல்லை அது, அதைவிடச் சின்னதாக, கிட்டத்தில், விளக்கொளியில் ஈரமாகத் தெரியும். முதல்முறை நான் அந்தப் படியில் நின்றபோது பின்னால் வந்தவர் என்னைத் தள்ளவில்லை, காத்திருந்தார். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அணிகள் வருவதற்குப் பத்து நிமிடம் முன்பே இருக்கையில் இருங்கள். துண்டை உயர்த்திப் பிடித்து அறுபதாயிரம் பேர் பாடும் 'யூ வில் நெவர் வாக் அலோன்' பாட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தவறவிட்டால் பாதி ஆன்ஃபீல்டைத் தவறவிட்ட மாதிரி.

ஒரு பக்கத்து கோலுக்குப் பின்னால் இருக்கும் 'காப்' ரசிகர் பகுதியைப் பார்க்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். 1906இல் எழுந்த அந்த மேட்டுக்குத் தென்னாப்பிரிக்காவின் ஸ்பியான் காப் குன்றின் பெயரை வைத்தார்கள். 1900 ஜனவரியில் போயர் யுத்தத்தில் லிவர்பூல் பகுதிப் படைவீரர்கள் பலர் அங்கே இறந்தார்கள். அதே போர்க்களத்தில் அடிபட்டவர்களைத் தூக்கிச் சுமந்தது காந்தி திரட்டிய இந்தியர்களின் ஆம்புலன்ஸ் படை. ஏறத்தாழ 1,100 பேர், அதில் சுமார் 800 பேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் வேலை செய்த ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள். நேட்டாலுக்குப் போன கூலிகளில் பெரும்பகுதியினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியவர்கள். அந்தப் பெயர் நமக்கு அவ்வளவு தூரத்துப் பெயர் இல்லை.

ஆட்டம் ஞாயிறுக்குப் போய்விட்டால் சனிக்கிழமையை வீணாக்காதீர்கள். பிரெஸ்டன் நார்த் எண்ட் அன்று சொந்த ஊரில் ஆடுகிறதா என்று பாருங்கள். ரயிலில் ஒரு மணி நேரம். 1888இல் 12 கிளப்புகளோடு கால்பந்து லீக் தொடங்கியபோது ஒரு ஆட்டமும் தோற்காமல் முதல் பட்டத்தை வென்ற அணி அது. அவர்களின் டீப்டேல் மைதானத்தில் 1878 முதல் கால்பந்து ஆடுகிறார்கள். பெரும்பாலும் டிக்கெட்டுக்கு அடிதடி இருக்காது. பிரெஸ்டன் இல்லையென்றால் மெர்சி ஆற்றுக்கு அக்கரையில் டிரான்மியர் ரோவர்ஸ். தாத்தா, மகன், பேத்தி என்று ஒரு குடும்பமே தங்கள் பழைய இருக்கையில் வந்து உட்காருவதை அங்கே பக்கத்தில் இருந்து பார்க்கலாம். எனக்கு அது பெரிய மைதானத்துக்குக் குறைந்ததாகத் தோன்றியதே இல்லை. ஆட்டம் தள்ளியே போய்விட்டாலும் கையில் ஒரு ஆட்டம் இருக்கும்.

மற்ற நேரத்தில் ஸ்டான்லி பூங்கா வழியாக நடந்து போய் எவர்டனின் பழைய குடிசன் பார்க் மைதானத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். 1892 வரை ஆன்ஃபீல்டில் ஆடியதே எவர்டன்தான். வாடகைத் தகராறில் அவர்கள் வெளியேற, காலி மைதானத்தை வைத்துக்கொண்டு அதன் உரிமையாளர் தொடங்கியதுதான் உங்கள் லிவர்பூல். ஆல்பர்ட் டாக், ஆற்றுப் படகு, இரண்டு பேராலயங்கள் எல்லாம் நகர மையத்திலிருந்து நடக்கும் தூரம்தான். லண்டனைப் பற்றித் தனியாக எழுதுங்கள், இதில் அடங்காது.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. இருவர் பெயரிலும் கிளப் உறுப்பினர் பதிவு செய்யுங்கள், பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில். அப்புறம், அண்ணன் மலேசியா எந்த வருடம் போனார் என்று எழுதவில்லை. அவர் பாஸ்போர்ட்டை எடுத்து முடியும் தேதியைப் பாருங்கள். அடுத்த வருடத்துக்குள் முடிவதாக இருந்தால் விசாவுக்கு முன் அதைப் புதுப்பித்துவிடுவது நல்லது, கோவை பாஸ்போர்ட் சேவை மையத்தில் இப்போதே நேரம் வாங்கிவிடுங்கள். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப்போட வேண்டாம், மலேசிய முத்திரை அதில்தான் இருக்கிறது.